பாறையைப் பிளந்து தண்ணீர்: பெங்களூரின் போர்வெல் ஹைட்ரோ ஃப்ராக்சரிங் சேவை எப்படி இருக்கிறது?

தண்ணீர் குறைந்துபோன போர்வெல்லைக் காட்டினால் பெங்களூரில் மூன்று யோசனைகள் உடனே வரும். இன்னும் 300 அடி இறக்கலாம் என்பார் போர் வண்டிக்காரர். மனையின் இன்னொரு மூலையில் புதிதாகப் போடலாம் என்பார் பாயிண்ட் பார்ப்பவர். இருக்கிற துளைக்குள்ளேயே தண்ணீரை அழுத்தி ஏற்றி, பாறையின் வெடிப்புகளைத் திறக்கலாம் என்பது மூன்றாவது யோசனை. ஹைட்ரோ ஃப்ராக்சரிங் என்ற பெயரில் விற்கப்படும் இந்த மூன்றாவது சேவையைப் பற்றியதுதான் இந்த விமர்சனம். ஒயிட்ஃபீல்டு, வர்த்தூர், கே.ஆர்.புரம், சர்ஜாபூர் சாலை என்று காவிரிக் குழாயை நம்பி முழுதாக இருக்க முடியாத பகுதிகளில் இதற்கான கேள்வி அதிகம். புதிய துளைக்கு முன் அனுமதி வாங்க வேண்டிய நகரத்தில், பழைய துளையையே மீட்க முடிந்தால் நல்லதுதான்.

எந்த ஆபரேட்டரையும் பெயர் சொல்லி எடைபோடவில்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு வண்டிகளில் இரண்டு விதமான பம்ப், இரண்டு விதமான ஆட்கள் இருப்பார்கள். தரம் வண்டியைப் பொறுத்து மாறும். அதனால் சேவை வகைகளையும், ஒவ்வொன்றிலும் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதுகிறோம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கேமரா, பேக்கர் (துளையை அடைக்கும் ரப்பர் அடைப்பு) உட்காரும் இடம், அழுத்தக் கணக்கு, முன்னும் பின்னும் ஈல்டு (போர் தரும் தண்ணீர்) அளவு ஆகிய நான்கும் சேர்ந்து வந்தால் இந்தச் சேவை புதிய போரைவிட நியாயமான செலவு. வெறும் “200 பார் பிரஷர் கொடுப்போம்” என்ற வாக்குறுதிக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மட்டும் பணம் தருவது வீண்.

பாறைக்குள் என்ன நடக்கிறது

பெங்களூர் உட்கார்ந்திருப்பது தீபகற்ப நைஸ் பாறையின் மேல். லால்பாக் குன்றில் வெளியே தெரிவது அதே பாறைதான். சுமார் 300 கோடி ஆண்டுப் பழமை. இந்தப் பாறையின் உடம்பில் தண்ணீர் தங்காது. மேலே மக்கிய மண்பாறை அடுக்கிலும், கீழே வெடிப்புகளிலும்தான் தண்ணீர் இருக்கும். போர் போடும்போது வண்டிக்காரர் “கேப் விழுந்தது” என்று சொல்வது இந்த வெடிப்பைத்தான்; நம் ஊரில் ஊற்றுக்கண் என்போம். உங்கள் துளை நல்ல ஊற்றுக்கண்ணிலிருந்து சில அடி தள்ளிப் போயிருக்கலாம். அல்லது துளைக்கும்போது கிளம்பிய பாறைத்தூள் சேறாகி, கண்ணை அடைத்திருக்கலாம். வெடிப்பு வழியே ஓடும் தண்ணீரின் அளவு வெடிப்பு அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 0.2 மில்லிமீட்டர் இடைவெளி 0.4 ஆனால் ஓட்டம் எட்டு மடங்கு. இந்தத் தொழில் முழுக்க நிற்பது இந்த ஒரு கணக்கின் மேல்தான்.

துளையின் ஒரு பகுதியை ரப்பர் பேக்கரால் அடைத்து, அதற்குக் கீழே தண்ணீரைத் தள்ளினால் அழுத்தம் ஏறும். ஏற்கெனவே இருக்கும் வெடிப்பின் இரு முகங்களையும் அழுத்திப் பிடித்திருக்கும் பாறைச் சுமையை நீரழுத்தம் வென்றதும் வெடிப்பு விரியும், அடைப்புச் சேறு உள்ளே தள்ளப்படும், வெடிப்பின் நுனி இன்னும் தூரம் ஓடும். இரு முகங்களும் கொஞ்சம் வழுகி இடம் மாறினால், மேடும் பள்ளமும் பொருந்தாமல் நிற்பதால், அழுத்தத்தை எடுத்த பிறகும் இடைவெளி முழுதாக மூடாது. கடினப் பாறையில் முட்டுக்கொடுக்க மணல் போடாமலே பலன் நிற்பதற்குக் காரணம் இதுதான். வெடிப்பே இல்லாத பாறையில் புதிதாகப் பிளப்பதென்றால் சுமையோடு பாறையின் இழுவலிமையையும் சேர்த்து வெல்ல வேண்டும். நல்ல கிரானைட்டுக்கு அதுவே 50 முதல் 150 பார் வரை போகும். ஆகவே போர்வெல் வேலையில் பெரும்பாலும் நடப்பது பழைய வெடிப்பைத் திறப்பதுதான்.

புதிதாகப் பிளந்தால் எந்தத் திசையில் பிளக்கும்? பாறைக்குள் மிகக் குறைவான அழுத்தம் எந்தத் திசையில் இருக்கிறதோ, அதற்குச் செங்குத்தான தளத்தில். ஆழம் குறைந்த இடத்தில் மேலேயுள்ள பாறையின் எடை, இரண்டு பக்கவாட்டு அழுத்தங்கள் ஆகிய மூன்றில் எடையே குறைவாக இருப்பது சகஜம். அங்கே வெடிப்பு கிடைமட்டமாகப் படுக்கும். ஆழமாகப் போனால் நிற்கும் வெடிப்புக்கு வாய்ப்பு கூடும். 1988-ல் கோலார் தங்கவயலில் தொடங்கப்பட்ட தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம், இதே நீரழுத்த முறையைத் தண்ணீருக்காக அல்லாமல், அணை, சுரங்கப்பாதை வேலைகளுக்காகப் பாறையின் உள் அழுத்தத்தை அளக்கப் பயன்படுத்துகிறது. அங்கே அழுத்தம் விழும் புள்ளி, பம்பை நிறுத்தியதும் நிற்கும் புள்ளி, மறுபடி திறக்கும் புள்ளி மூன்றையும் பதிவு செய்வார்கள். போர்வெல் வேலையிலும் அதே மூன்று எண்களைக் கேட்டு வாங்கலாம், கேட்கவும் வேண்டும்.

சரளையும் உருண்டைக் கல்லும் இருந்தால்

இதை விரிவாக எழுதக் காரணம், பெங்களூரில் இந்தச் சேவை தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதுதான். விற்பவர்களும் இதைப் பேசுவதில்லை.

கூழாங்கற்கள் பதிந்த பாறையில் நீரழுத்த வெடிப்பு நேராக ஓடாது. கடலை மிட்டாயை உடைத்துப் பாருங்கள். பாகு இளகலாக இருந்தால் பிளவு கடலையைச் சுற்றிக்கொண்டு போகும். பாகு இறுகிக் கெட்டியாக இருந்தால் கடலையே இரண்டாகப் பிளக்கும். பாறையிலும் அதே கதை. கல்லுக்கும் அதைப் பிடித்திருக்கும் சாந்துக்கும் வலிமை வித்தியாசம் அதிகமாகவும், ஒட்டு பலவீனமாகவும் இருந்தால் வெடிப்பு கல்லின் ஓரமாக வளைந்து போகும். ஒட்டு உறுதியாகவும் கல் பலவீனமாகவும் இருந்தால் ஊடுருவிப் போகும். கல் பெரிதாகவும் பம்ப் வேகம் போதாமலும் இருந்தால் கல்லின் முகத்திலேயே நின்றுவிடும். பாறையின் பக்கவாட்டு அழுத்தங்கள் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் அதிகமென்றால் வெடிப்பு திசை மாறாமல் கல்லை வெட்டிக்கொண்டு போகப் பார்க்கும். வித்தியாசம் குறைவென்றால் கல்லுக்குக் கல் வளையும். தள்ளும் திரவம் கெட்டியாகவும் வேகம் அதிகமாகவும் இருந்தால் ஊடுருவல் கூடும். மெல்லிய தண்ணீரை மெதுவாகத் தள்ளினால் அது ஓரங்களில் கசிந்து, பல சின்னக் கிளைகளாகப் பிரியும்.

சீனாவின் ஜுங்கார் படுகையில் உள்ள மாஹு எண்ணெய் வயல் இப்படிப்பட்ட கூழாங்கல் பாறைதான். அங்கே கிடைமட்டக் கிணறுகளில் பல கட்டமாகப் பிளந்து எண்ணெய் எடுக்கிறார்கள். வளைந்து நெளியும் வெடிப்பில் திருப்பங்களில் இடைவெளி குறுகுவதால், முட்டுக்கொடுக்கும் மணல் அங்கே சிக்கி அடைத்துக்கொள்வதுதான் பெரிய தொல்லை. மணலைப் பொடியாக்குவது, தொடக்கத்தில் கெட்டித் திரவம் அனுப்புவது, பம்ப் வேகத்தைக் கூட்டுவது என்று சமாளிக்க அவர்களுக்கு வழியும் வசதியும் உண்டு. போர்வெல் வண்டிக்கு அந்த வசதி கிடையாது.

பெங்களூர் நகருக்குள் அப்படிப்பட்ட கூழாங்கல் பாறை கிடையாது. ஆனால் அதே சிக்கல் வேறு உருவத்தில் இருக்கிறது. நைஸ் பாறை மேலிருந்து மக்கும்போது வெடிப்புகளின் ஓரம் முதலில் இளகும். நடுவில் உள்ள கட்டிகள் மக்காமல் உருண்டைப் பாறைகளாக மிஞ்சும். மக்கிய சரளை மண்ணுக்குள் வீடளவு பாறை கூட மறைந்திருக்கும். போர் போடும்போது துளைக்கும் முனையான பிட் இந்த உருண்டையைத் தொட்டதும் “பாறை வந்துவிட்டது” என்று கேசிங்கை (மேல்மண் சரியாமல் தடுக்கும் குழாயை) அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பத்துப் பதினைந்து அடி தாண்டினால் மறுபடி சரளை. அந்தத் துளையில் கேசிங்குக்கு அடியில் பேக்கரை உட்கார வைத்து அழுத்தினால், தண்ணீர் உருண்டையின் ஓரமாக ஏறி, கேசிங்கின் வெளிப்புறம் வழியே மேலே வரும். கூழாங்கல் பாறையில் வெடிப்பு கல்லைச் சுற்றிப் போவது போலவே, இங்கே வெடிப்பு ஒரு பெரிய உருண்டையைச் சுற்றிப் போகிறது. மீட்டரில் அழுத்தம் விழும். வேலை வென்றதாகச் சொல்வார்கள். உண்மையில் கேசிங்கின் பிடிமானம் தளர்ந்து, மேல்மட்டச் சேறு துளைக்குள் இறங்க வழி கிடைத்திருக்கும்.

எனவே கேசிங் ஆழத்துக்கும் கீழே குறைந்தது 6 மீட்டர் உறுதியான பாறை இருப்பதைக் கேமராவில் பார்த்த பிறகே பேக்கர் இறங்க வேண்டும். 10 மீட்டர் விட்டால் இன்னும் நல்லது. கோலார், மாலூர், ஹொஸ்கோட்டே பக்கம் மேலே செம்பூரான் சரளை தடிமனாக இருக்கும் இடங்களில் இது இரட்டிப்பாகப் பொருந்தும். தமிழ்நாட்டில் கடலோரச் சரளைப் படிவத்தில் ஊர்வீட்டு போர் இருப்பவர்கள் இந்தச் சேவையை அங்கே அழைத்துக்கொண்டு போக வேண்டாம். உதிரிச் சரளையில் பிளப்பதற்கு ஒன்றுமில்லை. திறந்த வெடிப்பும் நிற்காது, உதிர்ந்து மூடிவிடும். அங்கே தேவை துளைப்பட்ட குழாய், சுற்றிலும் சலித்த சரளை உறை, பிறகு கம்ப்ரசரால் நன்றாகக் கலக்கிச் சுத்தம் செய்தல்.

சந்தையில் கிடைப்பது மூன்று வகை

முதல் வகை, பெயர் மட்டும் ஹைட்ரோ ஃப்ராக்சரிங். கம்ப்ரசர் குழாயை இறக்கி, காற்றடித்துச் சேற்றை வெளியேற்றுவார்கள். பேக்கரே இருக்காது. அடைத்திருந்த போருக்கு இது நல்ல வேலைதான். ஃப்ளஷிங் விலைக்கு வாங்கினால் குறையே இல்லை. பேக்கர் இல்லாமல் அழுத்தம் ஏறாது, அழுத்தம் இல்லாமல் வெடிப்பு திறக்காது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

இரண்டாம் வகை, ஒற்றை பேக்கர். கேசிங்குக்குக் கீழே ஓரிடத்தில் பேக்கரை நிறுத்தி, அதற்கு அடியிலுள்ள மொத்தத் துளையையும் ஒரே நேரத்தில் அழுத்துவார்கள். 60 முதல் 100 மீட்டர் ஆழமுள்ள, அதிகம் வெடிப்பில்லாத போருக்கு இது போதும். 1,000 அடி போருக்கு இது போதாது. எந்த வெடிப்பு எளிதில் திறக்கிறதோ, தண்ணீர் முழுக்க அங்கேயே போகும்; மற்றவை தொடப்படாமலே இருக்கும். ஏற்கெனவே நன்றாகத் திறந்திருக்கும் ஒரு வெடிப்பு நடுவில் இருந்தால் அழுத்தமே ஏறாது.

மூன்றாவது, இரட்டை பேக்கர். இரண்டு ரப்பர்களுக்கு நடுவே 3 முதல் 6 மீட்டர் இடைவெளியை மட்டும் அடைத்து, கேமராவில் பார்த்த வெடிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்துவது. நேரம் பிடிக்கும், விலையும் கூடும். ஆழமான பெங்களூர் போர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். கட்டணத்தைப் போருக்கு இவ்வளவு என்று பேசாமல், கட்டத்துக்கு (பேக்கரை ஓரிடத்தில் நிறுத்தி ஒருமுறை அழுத்துவதற்கு) இவ்வளவு என்று பேசுங்கள். மொத்தத் தொகை பேசியவர் ஒரே இடத்தில் அழுத்திவிட்டு மூட்டை கட்டிவிட எளிது.

வண்டி வந்ததும் பம்பைப் பாருங்கள். பார் கணக்கு மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். கார் கழுவும் பம்பும் 100 பாருக்கு மேல் தரும், ஆனால் நிமிடத்துக்கு 10, 15 லிட்டர்தான். அந்தத் தண்ணீர் சின்ன வெடிப்புகளில் கசிந்தே தீர்ந்துவிடும். நிமிடத்துக்கு 100 லிட்டருக்குக் குறையாமல் தள்ள வேண்டும். இதைச் சரிபார்க்க எளிய கணக்கு உண்டு: பாரையும் நிமிட லிட்டரையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் கிடைக்கும். 150 பாரில் 100 லிட்டர் என்றால் 25 கிலோவாட், அதாவது சுமார் 33 குதிரைத்திறன். இழப்பையும் சேர்த்தால் 40 குதிரைத்திறன் எஞ்சின் வேண்டும். 10 குதிரைத்திறன் மோட்டாரை வைத்துக்கொண்டு 150 பார் என்பவர், நிமிடத்துக்கு 30 லிட்டருக்கு மேல் தள்ள முடியாது.

வேலை நாளன்று

முதல் வேலை மோட்டாரையும் குழாயையும் வெளியே எடுப்பது. பிறகு எடை கட்டிய கயிற்றால் ஆழத்தை அளந்து, போர் போட்ட நாளின் ஆழத்தோடு ஒப்பிட வேண்டும். 900 அடி போர் 780 அடியில் முட்டினால் அடியில் சேறு நிறைந்திருக்கிறது, அல்லது நடுவில் கல் விழுந்திருக்கிறது. கம்ப்ரசர் ஃப்ளஷ் முடிந்து, தண்ணீர் தெளிந்த பிறகுதான் கேமரா. கலங்கிய தண்ணீரில் கேமரா இறக்கிக் காட்டும் வீடியோவுக்கு மதிப்பில்லை. தெளிந்த வீடியோவில் தேட வேண்டியவை: கேசிங்கின் அடி, அதையொட்டிச் சொட்டும் கசிவு, சுவரில் துருநிறக் கறை, நூல்போன்ற வெடிப்புகள், உடைந்து அகன்ற இடங்கள். துருக்கறை படிந்த மெல்லிய வெடிப்பு நல்ல அடையாளம்; அதன் வழியே ஒருகாலத்தில் தண்ணீர் நடமாடியிருக்கிறது. 500 அடிக்குக் கீழே கறையே இல்லாத பளபளப்பான பாறை என்றால், அங்கே அழுத்திப் பெரிய பலன் எதிர்பார்க்க வேண்டாம்.

பேக்கர் வெடிப்பின் மேல் உட்காரக் கூடாது. வெடிப்புக்கு மேலேயும் கீழேயும் உள்ள வழுவழுப்பான சுவரில் உட்கார வேண்டும். கூர்மையான விளிம்பில் ரப்பர் கிழியும். அகன்ற இடத்தில் ஊதி வெடிக்கும். பெங்களூரில் வழக்கமான 6½ அங்குலத் துளைக்குப் பொருந்தும் பேக்கர்தானா என்று முன்பே கேட்டு வையுங்கள். பேக்கருக்குள் இருக்கும் அழுத்தம், துளைக்குள் தள்ளும் அழுத்தத்தைவிட எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி மீட்டர் இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்புவது நல்லது.

தண்ணீர் ஒரு கட்டத்துக்குச் சில ஆயிரம் லிட்டர் வேண்டியிருக்கும், டேங்கர் தயாராக நிற்க வேண்டும். சுத்திகரித்த கழிவுநீர் டேங்கரை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். அது வெடிப்பு வழியே நிலத்தடி நீருக்குள்ளேயே போய்ச் சேரும். நல்ல தண்ணீரிலும் குளோரின் கலக்க வேண்டும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் கணக்கில் 10,000 லிட்டருக்கு 500 கிராம் குளோரின். 33 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் சுமார் 1.5 கிலோ. வேறு எந்தப் பவுடரும், ஆசிடும், சோப்புத் திரவமும் சேர்க்கக் கூடாது. எண்ணெய்க் கிணறுகளில் தண்ணீரைக் கெட்டியாக்க கொத்தவரை விதைப் பசையைக் கலப்பது உண்டு. குடிநீர் போரில் அது மிஞ்சினால் பாக்டீரியாவுக்குத்தான் தீனி.

மீட்டர் சொல்வதைப் படிப்பது

அழுத்தத்தை எடைபோட இரண்டு எண்கள் போதும். பாறை 100 மீட்டருக்கு ஏறக்குறைய 26 பார் சுமை தருகிறது. குழாயில் நிறைந்த தண்ணீர் 100 மீட்டருக்கு 10 பார் தருகிறது. 120 மீட்டரில் படுத்திருக்கும் வெடிப்பைத் தூக்க 31 பார் வேண்டும். தண்ணீர்த் தூணே 12 பார் தந்துவிடும். ஆக மேலேயுள்ள மீட்டரில் 20 பார் அளவாவது தெரிய வேண்டும். 300 மீட்டரில் இதே கணக்கு 50 பாரை நெருங்கும். குழாய் உராய்வு இதற்கு மேல். எனவே 1,000 அடியில் 20 பாரில் “பாறை உடைந்தது” என்று ஒருவர் சொன்னால், அங்கே எதுவும் உடையவில்லை. ஏற்கெனவே திறந்திருந்த வெடிப்பு தண்ணீரை விழுங்குகிறது, அல்லது பேக்கர் ஒழுகுகிறது.

முள் சீராக ஏறி, சட்டென்று விழுந்து, பிறகு ஒரு நிலையில் நின்று தண்ணீர் தொடர்ந்து போனால் வெடிப்பு திறந்திருக்கிறது. அப்போது உடனே நிறுத்திவிடக் கூடாது. விழுந்த பிறகு தள்ளும் தண்ணீர்தான் வெடிப்பைத் தூரம் கொண்டுபோகும். 10 முதல் 30 நிமிடம் தொடர வேண்டும். முள் விழுந்ததும் “முடிந்தது” என்று பம்பை அணைப்பது இந்தத் தொழிலில் மிகப் பரவலான குறை. நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி அழுத்தினால் இரண்டாம் முறை குறைந்த அழுத்தத்திலேயே திறக்க வேண்டும். முதல் முறை அளவுக்கே மீண்டும் ஏறினால் முதல் முறை உண்மையில் எதுவும் திறந்திருக்கவில்லை என்று சந்தேகப்படலாம். முள் உச்சம் வரை ஏறி விழவே இல்லையா? அந்தக் கட்டத்தில் இறுக்கமான பாறை. பேக்கரை நகர்த்தி அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். பம்பை இன்னும் முறுக்கக் கூடாது.

இதில் பொய்யாகத் தோன்றும் வெற்றி ஒன்று உண்டு. பேக்கரைத் தாண்டித் தண்ணீர் மேலே கசிந்தாலும் முள் விழத்தான் செய்யும். இதைக் கண்டுபிடிக்க, அழுத்தும் நேரம் முழுக்க பேக்கருக்கு மேலே துளையில் நீர்மட்டத்தை ஒருவர் அளந்துகொண்டே இருக்க வேண்டும். மட்டம் விறுவிறுவென்று ஏறினால் ரப்பர் பிடிக்கவில்லை, அல்லது வெடிப்பு பேக்கரைச் சுற்றி மேலே இணைந்துவிட்டது. இரண்டிலும் அந்தக் கட்டத்துக்குக் காசு தரத் தேவையில்லை.

முடிந்ததும் அழுத்தத்தை வால்வு வழியே மெதுவாக இறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் வெடிப்பிலிருந்து கல்துகள் பாய்ந்து வந்து பேக்கரைச் சுற்றிச் சிக்கும். பேக்கர் சிக்கினால் இழுத்துப் போராடாமல், காற்றை முழுதாக இறக்கி, ரப்பர் சுருங்க அரைமணி நேரம் விட வேண்டும். உயர் அழுத்தக் குழாய் அறுந்தால் ஆளைச் சாய்க்கும் வேகத்தில் அடிக்கும். பம்ப் ஓடும்போது வீட்டாரும் குழந்தைகளும் வாசலில் நின்று வேடிக்கை பார்க்க விடாதீர்கள்.

30×40 அடி மனைகளில் இன்னொரு விஷயம். திறந்த வெடிப்பு பத்துக்கணக்கான மீட்டர் ஓடும். உங்கள் மனையே 9 மீட்டர் அகலம்தான். பக்கத்து வீட்டு போரில் தண்ணீர் கலங்கலாம், மட்டம் ஏறலாம். முன்கூட்டியே சொல்லி, அன்றைக்கு அவர்கள் மோட்டாரை நிறுத்திவைக்கச் சொல்வது மரியாதை மட்டுமல்ல, வேலைக்கும் நல்லது. வெடிப்பு திறப்பதால் பூமியில் புதுத் தண்ணீர் பிறப்பதில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். லேஅவுட் முழுக்க மட்டம் இறங்கிப்போய் எல்லார் போரும் வற்றிக் கிடந்தால், இந்தச் சேவை பக்கத்து வீட்டு மிச்சத்தைச் சீக்கிரம் உறிஞ்சத்தான் உதவும். 2024 கோடையில் நகரில் ஆயிரக்கணக்கான போர்கள் வற்றியது வெடிப்பு அடைத்ததால் அல்ல, மட்டம் இறங்கியதால். அப்படிப்பட்ட இடத்தில் அதே பணத்தைக் கூரை மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் கிணற்றுக்குச் செலவழிப்பதே சரி என்று அழுத்தமாகச் சொல்வோம். அக்கம்பக்கத்தில் நல்ல தண்ணீர் இருந்து, உங்கள் துளையில் மட்டும் வராமல் இருந்தால்தான் இந்தச் சேவைக்கு முழு அர்த்தம்.

ஈல்டு: “ஒரு இஞ்ச் கூடியது” என்றால் எவ்வளவு?

பெங்களூரில் தண்ணீரை இஞ்சில் பேசுகிறோம். அது வி-வெட்டுப் பெட்டியில், அதாவது தண்ணீர் வழியும் பக்கத்தில் V வடிவ வெட்டுள்ள பெட்டியில், வெட்டின் அடியிலிருந்து தண்ணீர் நிற்கும் உயரம். 90 டிகிரி வெட்டில் 1 இஞ்ச் என்றால் மணிக்குச் சுமார் 510 லிட்டர். 1½ இஞ்ச் 1,400. 2 இஞ்ச் 2,900. 3 இஞ்ச் கிட்டத்தட்ட 8,000. இஞ்ச் இரட்டித்தால் தண்ணீர் ஐந்தரை மடங்குக்கு மேல். எனவே 1-லிருந்து 1½ ஆனாலே தண்ணீர் இரண்டே முக்கால் மடங்கு. அதைச் சின்ன லாபம் என்று ஒதுக்க வேண்டாம். அதே சமயம் அளவில் கால் இஞ்ச் தவறினாலும் கணக்கு எங்கோ போய்விடும். வாளியும் கைக்கடிகாரமும் வைத்து ஒருமுறை சரிபாருங்கள்.

அளவு ஏமாற்றுவது இன்னும் இரண்டு வழிகளில். 6½ அங்குலத் துளை மீட்டருக்கு 21 லிட்டர் பிடிக்கும்; நீர்மட்டம் 100 மீட்டர் இறங்கும் வரை நீங்கள் பார்ப்பது துளையில் நின்ற 2,100 லிட்டரைத்தான், ஊற்றை அல்ல. மேலும் உள்ளே 8,000 லிட்டர் தள்ளியிருந்தால் முதல் 8,000 லிட்டர் அதே தண்ணீர் திரும்பி வருவதுதான். அன்று மாலை குழாயில் பீறிடுவதைப் பார்த்து மீதிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். வேலைக்கு முன்பும், ஒரு வாரம் கழித்தும், அதே மோட்டார், அதே ஆழத்தில், குறைந்தது 4 மணி நேரம் ஓட்டி, தண்ணீர் அளவோடு நீர்மட்டம் எத்தனை மீட்டர் இறங்கியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிமிட லிட்டரை இறக்க மீட்டரால் வகுத்து வரும் எண்தான் ஒப்பிடத் தகுந்தது. முன்பு 12 லிட்டருக்கு 60 மீட்டர் இறங்கி, இப்போது 24 லிட்டருக்கு 40 மீட்டர் இறங்கினால் அந்த எண் 0.2-லிருந்து 0.6 ஆகிறது, மூன்று மடங்கு உண்மையான முன்னேற்றம். நடுவில் பெருமழை பெய்திருந்தால் ஒப்பீடு செல்லாது.

தண்ணீர்ப் பரிசோதனையையும் இரண்டு முறை செய்யுங்கள். நகரத்தின் மேல்மட்ட நீரில் கழிவுநீர் கலந்திருப்பது வெளிப்படை. 30 மீட்டருக்குள் அழுத்தி வெடிப்பைத் திறந்தால், பழைய உறிஞ்சுகுழியையும் உங்கள் போரையும் இணைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, இ.கோலி இருக்கவே கூடாது, இந்தியக் குடிநீர்த் தர விதியான ஐ.எஸ். 10500 அப்படித்தான் சொல்கிறது. ஃபுளோரைடு 1.5-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். ஆழமான கட்டத்தைத் திறந்த பிறகு ஃபுளோரைடு கூடுவது உண்டு.

ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியவை சில. பேக்கர் துளைக்குள் சிக்கினால் எடுப்பது யார் செலவு, எடுக்க முடியாமல் போர் வீணானால் என்ன ஈடு என்பது முதலில். கேமரா வீடியோவின் நகல், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆழம், உச்ச அழுத்தம், விழுந்த பிறகு நின்ற அழுத்தம், தள்ளிய லிட்டர், எடுத்த நிமிடம் ஆகியவை கையெழுத்தோடு வேண்டும். தண்ணீர் இவ்வளவு கூடும் என்று உத்தரவாதம் தருபவரைவிட, இந்தத் தாளைத் தயங்காமல் தருபவரை நம்பலாம். கருவிகளைத் துளையில் இறக்குவதற்கு மூன்றில் ஒரு பங்கு, அழுத்தி முடித்ததும் ஒரு பங்கு, ஒரு வாரத்துக்குப் பிந்தைய ஈல்டு அளவு எடுத்த பிறகு கடைசிப் பங்கு என்று பணத்தைப் பிரித்துக் கொடுங்கள்.